இரண்டு வயதுப் பிள்ளையின் முன்பற்களில் பழுப்புக் கறை: பல் மருத்துவரிடம் இப்போதே காட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். மேல் முன்பற்களில் ஈறையொட்டி வெள்ளைக் கோடு தெரிந்தது. இப்போது இரண்டு பற்களில் அது பழுப்பாகிவிட்டது. இரவில் மைலோ (சாக்லேட் மால்ட் பானம்) புட்டி இல்லாமல் தூங்க மாட்டான். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிறார் என் மாமியார். எங்கள் அடுக்குமாடியில் பொருள் விற்கும் அக்கா, ஃப்ளோரைடு இல்லாத பற்பசையை வாங்கச் சொல்கிறார். இந்த வயதிலேயே பல் மருத்துவரிடம் போக வேண்டுமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: போக வேண்டும் சகோதரி, இந்த வாரமே. முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதுதான் விதி. தவறு உங்களுடையது அல்ல. தடுப்பூசி போட எத்தனை முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள்! எடை பார்த்திருப்பார்கள், உயரம் அளந்திருப்பார்கள். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதை யாரும் செய்யவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பணி 1949-லேயே தொடங்கிய ஊர் பினாங்கு. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு தாய் "இப்போதே போகலாமா" என்று கேட்க வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பள்ளிக்குப் பல் குழு வரும்வரை காத்திருந்தால், பிடுங்குவதற்குத்தான் பல் மிஞ்சியிருக்கும்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். ஆனால் பின்னால் இருக்கும் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைக்கு வேண்டும். சொத்தை முன்பல்லோடு நிற்காது. சீழ் வைத்தால் அடியில் வளரும் நிலைப்பல்லும் கெடும்.

சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெள்ளைக் கோடு சொத்தையின் தொடக்கம். ஃப்ளோரைடு பூச்சால் அதை நிறுத்திவிடலாம். பழுப்பு அடுத்த கட்டம். ஒரு விலக்கு உண்டு. பிள்ளைக்கு இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறீர்களா? கொடுத்தால், பல்லின் மேற்பரப்பில் கருங்கறை படியும். அது சொத்தை அல்ல, மருத்துவர் துடைத்தெடுத்துவிடுவார். கறைக்குப் பயந்து மருந்தை நிறுத்திவிட்டு, இரத்தச் சோகையோடு பிள்ளையை அழைத்து வந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருந்தைக் கொடுத்ததும் தண்ணீர் குடிக்க வையுங்கள், பல்லைத் துலக்கிவிடுங்கள். ஆனால் உங்கள் மகனுக்கு முதலில் வெள்ளைக் கோடு வந்து பிறகுதான் பழுப்பாகியிருக்கிறது. மருந்துக் கறை அப்படி வராது. ஆகவே அந்த ஆறுதலைத் தேட வேண்டாம்.

காரணம் அந்தப் புட்டிதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். மைலோவின் சர்க்கரை விடியும்வரை மேல்பற்களில் தேங்கி நிற்கும். டின் பாலும் அப்படித்தான். புட்டியை ஒரே இரவில் பிடுங்காதீர்கள். ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, பத்து நாளில் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள். நாலு நாள் அழுவான், அவ்வளவுதான்.

இனி அந்த அக்காவின் பற்பசை. "இயற்கையானது, விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது" என்றுதான் எல்லா முகவர்களும் சொல்வார்கள். இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் இதே பல்லவிதான். சொத்தையைத் தடுக்கும் முக்கியப் பொருளை எடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். பேரங்காடியில் கிடைக்கும் சாதாரணப் பற்பசையே போதும். குழாயின் பின்புறம் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (ppm) என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று வயதுவரை ஓர் அரிசி மணி அளவு. அந்த அளவை விழுங்கினாலும் கவலையில்லை. இரவு படுக்குமுன் நீங்களே துலக்கிவிடுங்கள், வாய் கொப்பளிக்க வைக்காதீர்கள். ஏழெட்டு வயதுவரை இந்தப் பொறுப்பு உங்களுடையது. வீடு வீடாக வந்து தண்ணீர் வடிகட்டி விற்பவர்களும் இதே கூட்டம்தான்: நம் குழாய்நீரில் ஃப்ளோரைடு சேர்க்கப்படுகிறது, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வடிகட்டியோ அதையும் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது. இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை.

முதல் வருகையில் ஊசியும் இருக்காது, துளைக்கும் கருவியும் இருக்காது. மருத்துவரும் நீங்களும் முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்காருவீர்கள். பிள்ளை உங்களைப் பார்த்தபடி, தலையை அவர் மடியில் வைத்துப் படுப்பான். அழுதால் நல்லது, வாய் திறந்திருக்கும். பல்லில் குழி விழுந்திருந்தால் வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தைப் பூசலாம். பூசிய இடம் கறுத்துவிடும், ஆனால் சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். "ஊசி போடுவார்" என்று வீட்டில் யாரும் பயமுறுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு முதலில் தொலைபேசியில் அழைத்து, "இரண்டு வயதுப் பிள்ளை, முன்பல் பழுப்பாகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். "மூன்று வயதானதும் கொண்டு வாருங்கள்" என்று முகப்பில் யாராவது சொன்னால் திரும்பிவிடாதீர்கள், மருத்துவரிடம் பேச வேண்டும் என்று நின்று கேளுங்கள். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சலோடு ஈறில் கொப்புளம் தெரிந்தாலோ முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.