கேமரா கேள்வி பதில்: வெயிலில் ஸ்க்ரீன் தெரிய மாட்டேன் என்கிறதே!

கேள்வி: கேனான் 1500டி வைத்திருக்கிறேன். நடவு, அறுவடை, திருவிழா என்று வீடியோ எடுக்கிறேன். பகல் வெயிலில் ஸ்க்ரீனில் என் முகம்தான் தெரிகிறது, ஃபோகஸ் பிடிக்க முடியவில்லை. ஸ்க்ரீன் மேல் மாட்டும் வியூஃபைண்டர் மலிவாக வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வாங்கலாம். உங்களுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் வீடியோவுக்குப் போனதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். கேமராவிலேயே மேலே உள்ள வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஸ்க்ரீனை விட்டால் வேறு வழி இல்லை. தண்ணீர் கட்டிய நடவு வயலில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். வெறும் மறைப்புத் தட்டி அங்கே எடுபடாது. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் லென்ஸ் வைத்த கூண்டுதான் சரி.

கடைக்காரர் முதலில் ‘3 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்பார். அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் ஸ்க்ரீனில் ஒளிரும் பகுதியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை 3 அங்குல ஸ்க்ரீன் என்றாலும், அகல உயர விகிதம் 3:2 என்றால் சுமார் 63 x 42 மி.மீ., 4:3 என்றால் 61 x 46 மி.மீ. 3.2 அங்குலம் (3:2) 68 x 45 மி.மீ. வரும். கூண்டின் வாய் சிறுத்தால் ஓரம் வெட்டுப்படும். பெருத்தால் இடுக்கில் வெளிச்சம் புகும். கடையிலேயே கேமராவைப் போட்டு, ஸ்க்ரீனில் வரும் கட்டக்கோடுகளை (கிரிட்) ஆன் செய்து, நான்கு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று பாருங்கள். 2.5 மடங்கே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் புள்ளி புள்ளியாகத் தெரிந்து கண் வலிக்கும்.

அடுத்தது, மாட்டும் விதம். ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டுவது மலிவு, ஆனால் நழுவும். உங்கள் கேமராவின் ஸ்க்ரீன் அசையாதது என்பதால் காந்தச் சட்டம் ஒத்துவரும். ஸ்க்ரீன் விளிம்பில் ஒரு சட்டத்தை ஒட்டிவிட்டால், கூண்டு காந்தத்தில் வந்து உட்காரும், பிடுங்கினால் வந்துவிடும். ஒட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்க்ரீன் மேல் பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரித்துவிடுங்கள். இல்லையென்றால் சட்டம் தாளோடு சேர்ந்து கழன்று வரும். விளிம்பை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்க்ரீனை ஆன் செய்து வைத்தே சட்டத்தை நேர் பார்த்து, பக்கத்துக்கு அரை நிமிடம் அழுத்துங்கள். ஒரு நாள் கழித்துக் கூண்டை மாட்டினால் போதும். சித்திரை வெயிலில் காருக்குள் போட்டு வைத்தால் பசை இளகிவிடும். காந்தத்தால் எஸ்டி கார்டுக்கு ஒன்றும் ஆகாது; பின்புறம் கறுப்புப் பட்டை உள்ள ஏடிஎம் கார்டை மட்டும் தள்ளி வையுங்கள்.

பதிவைத் தொடங்கும் முன் கேமராவிலேயே படத்தை 5 அல்லது 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸை முடித்துக்கொள்ளுங்கள். கூண்டால் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: இரண்டு கைகளோடு கண்ணும் சேர்ந்து மூன்றாவது பிடி ஆவதால் ஆட்டம் குறையும். ஆழித்தேர் கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கி எடுக்கும்போது இது உதவாது, கழற்றிப் பையில் போடுங்கள்.

கேள்வி: என்னுடையது நிக்கான் டி5300. ஸ்க்ரீன் விரிந்து திரும்பும். மூக்குக் கண்ணாடியும் போடுகிறேன். எனக்கு எந்த வியூஃபைண்டர் ஒத்துவரும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காந்தச் சட்டம் வேண்டாம். கண்ணை வைத்து அழுத்தும் பாரமெல்லாம் ஸ்க்ரீன் கீலில் இறங்கும். ஸ்க்ரீனை வெளிப்பக்கம் திருப்பி உடலோடு மூடிவிட்டு, ட்ரைபாட் துளையில் (கால் அங்குலத் திருகு) மாட்டும் தட்டு வகையை வாங்குங்கள். உங்களுடையது 3.2 அங்குலம், மறக்க வேண்டாம். தட்டைப் பூட்டிய நிலையில் பேட்டரி மூடி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறக்காவிட்டால் முகூர்த்த நேரத்தில் கேமராவைத் தலைகீழாகத் திருப்பித் திருகைக் கழற்ற வேண்டியிருக்கும்! கண்பார்வைக்கேற்பச் சரிசெய்யும் டயாப்டர் வளையம் உள்ளதாகப் பார்த்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். சிலிண்டர் பவர் இருந்தால் அந்த வளையம் கைகொடுக்காது. கண்ணாடியோடுதான் பார்த்தாக வேண்டும், அதற்கு அகலமான ஐகப் (கண் வைக்கும் ரப்பர் வளையம்) வேண்டும். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: வியூஃபைண்டரோடு கேமராவை ட்ரைபாடில் வரப்போரம் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஸ்க்ரீனில் கறுப்புப் பொட்டு. துடைத்தால் போகுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: போகாது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்போமே, அதே கதைதான். கூண்டின் லென்ஸ் வழியே சூரியன் ஸ்க்ரீனில் குவிந்து சுட்டிருக்கிறது. பதிவாகும் படத்துக்குச் சேதம் இல்லை. பொட்டு உறுத்தினால் டிஸ்ப்ளேயை மாற்றுவதுதான் வழி. மாற்றிய பிறகு, கண்ணை எடுத்த கையோடு கூண்டையும் கழற்றிவிடுங்கள். முடியாத இடத்தில் ஐகப் மேல் கெட்டியான துணியையாவது போட்டு மூடுங்கள்.