படம் முழுக்க இரும்பு தெரிகிறதே, ஏன்?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் பொதுத் தரவிலிருந்து காசியோப்பியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சத்தை (வெடித்த விண்மீனின் மிச்சத்தை) 6.4–6.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கி.எ.வோ.) ஆற்றலில் படமாக்கினேன். வளையம் முழுக்க இரும்பு இருப்பதுபோல் தெரிகிறது. தென்கிழக்கு, வடக்கு, மேற்கு என்று சில இடங்களில்தான் இரும்பு அதிகம் என்று படித்திருக்கிறேன். எங்கே தவறினேன்?

பதில்: பெரிய தவறு ஒன்றுமில்லை, எல்லோரும் முதலில் இடறும் இடம்தான் இது. உங்கள் படத்தில் இருப்பது அந்த ஆற்றலில் வந்த எல்லா எக்ஸ் கதிர்களும். இரும்பின் கோடு, அதாவது இரும்பு தனக்கே உரிய ஆற்றலில் உமிழும் ஒளி, அதில் ஒரு பங்கு மட்டுமே. சூடான பிளாஸ்மா தொடர்ச்சியாக உமிழும் ஒளியும் அதில் கலந்திருக்கிறது. வெளி விளிம்பில் மெல்லிய இழைகளாகத் தெரிவது இன்னொரு வகை. ஒளிவேகத்தை நெருங்கிய எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளையும்போது வரும் சிங்க்ரோட்ரான் ஒளி அது. அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை.

4.2 முதல் 6 கி.எ.வோ. வரை வலுவான கோடு எதுவும் கிடையாது. அந்தப் பட்டையில் ஒரு படம் எடுத்து, தகுந்த அளவுக்குக் குறைத்து, உங்கள் படத்திலிருந்து கழியுங்கள். எச்சம் முழுவதற்கும் ஒரே விகிதத்தைப் போட்டுவிடாதீர்கள். தொடர் ஒளியின் சரிவு இடத்துக்கு இடம் மாறும். எச்சத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, சந்திரா தரவை அலசும் 'சாவ்' (CIAO) மென்பொருளின் ஸ்பெக்எக்ஸ்ட்ராக்ட் கருவியால் (பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், நல்ல மென்பொருள்தான்) ஒவ்வொன்றுக்கும் நிறமாலை (எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி என்ற வரைபடம்) எடுத்து, விகிதத்தை அதிலிருந்தே கணக்கிடுங்கள்.

என்னைக் கேட்டால், படத்தைவிட நிறமாலையில்தான் விஷயம் இருக்கிறது. கோட்டின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், அதன் மையம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எலக்ட்ரான்களை அதிகம் இழக்காத இரும்பு 6.4-இல் ஒளிரும். இரண்டே எலக்ட்ரான் மிஞ்சிய இரும்பு 6.7-இல் ஒளிரும். டைக்கோ என்ற இன்னொரு சூப்பர்நோவா எச்சத்தில் மையம் ஏறக்குறைய 6.43, காசியோப்பியா ஏ-வில் 6.6-க்குச் சற்று மேல். காரணம், காசியோப்பியா ஏ ஒரு பெரிய விண்மீன் வெடித்தது, டைக்கோ ஒரு வெள்ளைக்குள்ளன் (எரிந்து முடிந்த சிறு விண்மீன்) வெடித்தது. சாகுமுன் பெரிய விண்மீன் தன்னைச் சுற்றி வாயுவை நிறையக் கொட்டியிருக்கும். அந்த அடர்த்தியில் அயனியாக்கம் (அணு எலக்ட்ரான்களை இழப்பது) வேகமாக நடக்கும். வெள்ளைக்குள்ளன் வெடிப்புகள் பெரும்பாலும் மெல்லிய வாயுவில் நடப்பதால் அங்கே அது மெதுவாகவே நடக்கிறது. சுசாக்கு என்ற ஜப்பானிய எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் தரவை வைத்து 2014-இல் வந்த ஆய்வு 6.55-ஐ எல்லையாக வைத்தே இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டியது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கோடு மங்கலாக இருந்தால் இரும்பு குறைவு என்று எழுதிவிடாதீர்கள். வெடித்த பொருளுக்குள் திரும்பி ஓடும் அதிர்ச்சி அலை போய்ச் சேர்ந்து சூடாக்கினால்தான் இரும்பு எக்ஸ் கதிரில் தெரியும். எஸ்.என். 1006 என்ற சூப்பர்நோவா எச்சத்தில் குளிர்ந்த இரும்பு இன்னும் உள்ளே இருக்கிறது. பின்னாலுள்ள ஒரு விண்மீனின் புற ஊதா ஒளியை அது விழுங்குவதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

நிறமாலைக்குக் கணித மாதிரியைப் பொருத்தும்போது, அயனியாக்கம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளும் ஏபெக் மாதிரியை விட்டுவிடுங்கள், சமநிலைக்கு வராத பிளாஸ்மாவுக்கான வி.என்.இ.ஐ. போன்றதை எடுங்கள். கன சென்டிமீட்டருக்கு ஓர் எலக்ட்ரான் என்று வைத்தால், அயனிகள் சமநிலைக்கு வரச் சுமார் 30,000 ஆண்டுகள் ஆகும். டைக்கோ வெடித்தது 1572-இல்!

சந்திராவின் பலம் அரை ஆர்க் செகண்ட் கூர்மை. ஆனால் 6 கி.எ.வோ.வுக்கு மேல் அதன் ஒளி சேகரிப்பு குறைவு, கோடும் 150 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு அகன்றே தெரியும். போட்டான்கள் போதவில்லை என்றால் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். 2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் என்ற ஜப்பானிய எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் நிறமாலைக் கருவி சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்துக் காட்டும். அதன் மூடி திறக்காததால் 1.7 கி.எ.வோ.வுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது, ஆனால் உங்களுக்கு வேண்டிய இரும்புக் கோட்டுக்கு அதனால் பாதிப்பில்லை. படப்புள்ளிகள் மொத்தம் 36தான், எனவே அழகான படம் கிடைக்காது.

'சாவ்' விண்டோஸில் நேரடியாக ஓடாது. உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால், அதற்குள் லினக்ஸை நிறுவிய பிறகு தொடங்குங்கள். அதற்கே ஒரு நாள் போய்விடும்.