ஐயாவின் பெட்டகத்தில் கிடைத்த சவரக்கத்தி எங்கிருந்து வந்தது?

தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வீட்டைப் பழுதுபார்த்தபோது எங்கள் ஐயாவின் (அப்பாவைப் பெற்ற தாத்தாவின்) தேக்குப் பெட்டகத்தில் வெள்ளைப் பிடி போட்ட மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. துருவுக்கு இடையில் ‘ராட்ஜர்ஸ்’, ‘ஷெஃபீல்ட்’ என்று ஆங்கில எழுத்துகளும், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் சிலுவையும் மங்கலாகத் தெரிகின்றன. இது எந்தக் காலத்தது? எங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும்? சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கேட்கிறான், கொடுத்தனுப்பலாமா?”

முதலில், கத்தியைப் பளபளப்பாக்க முயலாதீர்கள். பித்தளைச் சாமான்களுக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு என்பதாலேயே இதைச் சொல்கிறேன். புளியும் எலுமிச்சையும் எஃகை அரிக்கும். உப்புத்தாள் இன்னும் மோசம், நீங்கள் படிக்க வேண்டிய எழுத்துகளையே அது வழித்துவிடும். தையல் மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பிறகு இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில், ஏறக்குறையக் கத்தியோடு படியும்படி பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரைப் பள்ளங்கள் அப்போது நிழலோடு தெரியும். எழுத்துகள் இருக்குமிடம் அலகுக்கும் வாலுக்கும் இடையிலுள்ள தடித்த கழுத்துப் பகுதி. அதன் இரு புறங்களையும் பாருங்கள்.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் அதைப் போலச் செய்தவர்களும் உண்டு. 1840-களிலேயே இந்நிறுவனம் அதற்காக நீதிமன்றம் ஏறியது. எனவே பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அசல் பெயரில் ‘ஜி’ என்ற எழுத்துக்கு முன் ‘டி’ உண்டு. ‘டி’ இல்லாமல் ‘ரோஜர்ஸ்’ என்றிருந்தால் அது வேறொருவர் செய்தது.

காலத்தைக் கணிக்க அரச வாசகம் உதவும். ‘ஹெர் மெஜஸ்டி’ என்றோ, கிரீடத்தோடு ‘வி ஆர்’ என்றோ இருந்தால் விக்டோரியா அரசியின் காலம், அதாவது 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயரும் சேர்ந்திருந்தால், இறக்குமதிப் பொருள்களில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்த பிறகு செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நாட்டுப் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து அதற்கு முந்தையது என்று முடிவு கட்டக்கூடாது. நம் பக்கம் வந்த சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அலகின் வடிவமும் பேசும். குறுக்குவெட்டில் ஆப்பு போலத் தடித்து நேராகச் சரிந்தால் பழையது. இருபுறமும் குழிவாகக் கடைந்து வாய்ப்பகுதி தாள் போல மெலிந்திருந்தால் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியோ அதற்குப் பிந்தியதோ ஆகும். ஒரு எச்சரிக்கை: அலகின் வயதும் பிடியின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிடி உடைந்தால் மாற்றிப் போடுவது வழக்கம். ஆணித் தலைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்; இரண்டும் இரு வேறு விதமாக இருந்தாலோ, ஆணியைச் சுற்றிப் பழைய வளையத்தின் தடம் பெரிதாகத் தெரிந்தாலோ, பிடி கழற்றப்பட்டிருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய கத்திகளை வாங்குபவர்களும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் கதையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் கத்தியைச் செய்தவர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, அது தேவகோட்டைக்கு வந்த வழியைச் சொல்லாது. அதற்கு உங்கள் வீட்டில்தான் தேட வேண்டும். அக்காலத்தில் ஊரில் இருந்தவர்களுக்கு நாவிதர் அடைப்பத்தோடு, அதாவது சவரக் கருவிப் பையோடு, வீட்டுக்கே வந்துவிடுவார். தமக்கென்று சீமைக் கத்தி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போய், ரங்கூன் முகல் தெருவிலோ பினாங்கிலோ கிட்டங்கியில் (வணிகர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்த கட்டடத்தில்) தங்கியவர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கத்தி வைத்திருந்த அட்டைப் பெட்டி கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். விற்ற கடையின் பெயரும் ஊரும் பல நேரம் அதில்தான் இருக்கும். கல்யாணச் சாமான் சிட்டைகளையும், வெளியூர்க் கடிதங்களையும், செலவுக் குறிப்பேடுகளையும் ஒருமுறை புரட்டுங்கள்.

பிடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய விலாச எழுத்துகள் (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் வீட்டுப் பாத்திரங்களில் வெட்டியிருப்பதோடு ஒப்பிடலாம். ஆனால் பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால் அதே எழுத்துகள் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும். உங்கள் ஐயாவுடையது என்று நீங்கள் நினைப்பது அவருடைய ஐயாவுடையதாகவும் இருக்கலாம். அந்த இருவரில் யார் என்பதை அலகின் காலத்தை வைத்துத்தான் தீர்க்க முடியும்.

இனி வெள்ளைப் பிடி. எலும்பில் கருமையான நுண்துளைகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தில் அவை இரா. இயற்கையான ரேகைகள் ஒழுங்கின்றி ஓடும், வெட்டு முகத்தில் குறுக்கும் நெடுக்குமான வளைகோடுகள் தெரியலாம். கோடுகள் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருந்து, விரலால் தேய்த்துச் சூடேற்றினால் கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. பலர் சொல்லும் சூட்டூசிச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி எஃகைத் துருப்பிடிக்க வைப்பதால், அத்தகைய கத்தியை மூடிய பெட்டியில் மற்ற கத்திகளோடு வைக்கவும் கூடாது.

தந்தமாக இருந்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்கவோ வாங்கவோ முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்திருப்பதற்கான நடைமுறையை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிடியானாலும், 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லத் தடை உண்டு. ஆகவே இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைத்தால் மட்டுமே தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். அப்போதும் விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். சரக்கில் போடும் பெட்டியில்தான் போக வேண்டும்.