ஆலன் ரிக்மனும் 26 வயதில்தானே நாடகப் பள்ளிக்குப் போனார்?

அம்மா, உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். லண்டனில் டிசைன் பட்டம் வாங்கி, நல்ல சம்பளத்தில் இருக்கும் மகன் வேலையை விட்டுவிட்டு நாடகப் பள்ளிக்குப் போகிறேன் என்கிறார். கேட்டால் பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மனைச் சாட்சிக்கு அழைக்கிறாராம். ரிக்மன் போனது உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பி உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

ரிக்மனுக்கு எட்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் வளர்த்தார். ரிக்மனும் டிசைன் படித்தவர்; நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஸ்டுடியோ நடத்தியவர். 1972-ல் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தபோது கைச்செலவுக்கு என்ன செய்தார் தெரியுமா? நைஜல் ஹாதோர்ன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் ஆகிய நடிகர்களுக்கு டிரெஸ்ஸராக இருந்தார். டிரெஸ்ஸர் என்றால் நடிகரின் உடுப்பைத் தயாராக எடுத்துவைக்க வேண்டும், காட்சி மாறும் அவசரத்தில் மேடையோர இருட்டில் நின்று பொத்தான் மாட்டிவிட வேண்டும். நேற்றுவரை ஸ்டுடியோ நடத்தியவர் செய்த வேலை இது! எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த இடம்தான்.

படிப்பு முடிந்ததும் வருடக்கணக்கில் நாடக மேடைதான். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவின் ஒரு நாடகத்தில் வால்மோன்ட் என்ற முக்கிய வேடம் 1985-ல் வந்தது. அந்த நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போய், அமெரிக்க நாடக விருதான டோனிக்கு அவர் பெயர் பரிந்துரையானது. முதல் சினிமா 'டை ஹார்ட்' 1988-ல் வெளியானபோது வயது 42. ஹாரி பாட்டர் படத்தில் ஸ்னேப்பாக வந்தபோது 55. ராடாவில் கால் வைத்ததிலிருந்து முதல் படத்துக்கு 16 வருடம். அவ்வளவு காலம் பொறுக்கத் தயாரா என்று தம்பியைக் கேளுங்கள். குத்தலாக வேண்டாம், நிஜமாகவே கேளுங்கள்.

பண விஷயம் ஒன்று. இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவருக்கு இரண்டாவது இளங்கலைக்குக் கல்விக்கடன் பொதுவாகக் கிடைக்காது. நடிப்பில் முதுகலை என்றால் அதற்குத் தனிக் கடன் உண்டு. பலர் இது தெரியாமல் ஆடிஷனுக்குக் கட்டணம் கட்டி, இடமும் கிடைத்தபிறகு தலையில் கை வைக்கிறார்கள். ஆடிஷனும் ஒரே நாளில் முடிவதில்லை, பல சுற்று. அதனால் இப்போதே வேலையை விட வேண்டாம். மாலை நேர நடிப்பு வகுப்பில் ஒரு வருடம் போகட்டும். டிசைனைக் கைவிடவே கூடாது, வாய்ப்பில்லாத மாதங்களில் வாடகை கட்டப்போவது அதுதான்.

அடுத்த வாரம் தம்பியை அனுப்புங்கள். மனப்பாடமாக இரண்டு வசனமும், ஆறு மாத வரவு செலவுக் கணக்கும் கொண்டுவரட்டும். நீங்கள் கூட வர வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.