மாலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளி விட்டு வந்தால் செல்போன்தான். இயற்கை முகாம்களுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். சென்னையிலேயே வேறு வழி உண்டா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நம் கடற்கரையிலேயே இருக்கிறதம்மா. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இங்கே கரையேறும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, நாய் தோண்டித் தின்பதற்குள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள், சில இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். ஆனால் நள்ளிரவில், மணலில், சுமார் 7 கிலோமீட்டர் நடப்பது இந்த வயதுக்கு அதிகம். சரி, என்ன செய்யலாம்? முட்டை பொரிய 45 நாளாவது ஆகும் என்பதால் மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள், அப்போது போங்கள். உள்ளங்கையில் அடங்கும் கறுத்த குஞ்சு, ஈர மணலில் துடுப்பை ஊன்றி ஊன்றிப் போகும், அலை வந்து புரட்டிப் போட்டாலும் நிமிர்ந்து மறுபடியும் கடலைப் பார்த்தே போகும். வெளிச்சமான பக்கம்தான் கடல் என்பது அதன் கணக்கு, அதை நம் தெருவிளக்குகள் கெடுத்துவிடுகின்றன. இதை அவனே பார்த்துக் கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்! அப்புறம், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. அன்றைக்குக் குஞ்சு பொரியாவிட்டால் நண்டு வளைகளை எண்ணிக்கொண்டு உட்காருங்கள், அதற்கே அவனுக்கு ஒரு மணி நேரம் போதாது.