காரைக்குடிப் பக்கமிருந்து திருச்சி, மதுரை போய் விமானம் ஏறுபவர்கள் எந்தப் பக்க ஜன்னலை எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், போகும் ஊர்களாகக் கொழும்பு, சென்னை, சிங்கப்பூர் மூன்றையும் குறிப்பிட்டிருக்கிறார். இவற்றில் ஜன்னலுக்காகவே கூடுதல் காசு கொடுக்கத் தகுந்தது திருச்சி–கொழும்புதான். அதற்கு இடது பக்கம், அதாவது ‘ஏ’ இருக்கை.

வரைபடத்தில் திருச்சியையும், கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு பாம்பனை ஒட்டிப் போகும். கிளம்பி இருபது நிமிடம் போல ஆனதும் இடது ஜன்னலில் ராமேஸ்வரம் தீவு, அதன் வாலாக நீளும் தனுஷ்கோடி மணல், அதற்கப்பால் தலைமன்னார் வரை விட்டுவிட்டுக் கிடக்கும் ராமர் சேதுத் திட்டுகள் எல்லாம் வரும். ஆழமில்லாத இடம் வெளிர்பச்சையாகவும் ஆழமான இடம் கருநீலமாகவும் பிரிந்து தெரியும். பாம்பன் பாலம் மட்டும் பல சமயம் நேர் அடியில் போய்விடும். கண்ணாடியை ஒட்டிக் கீழே பார்க்க வேண்டும். முடிந்தால் மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாக எடுங்கள். காலையில் வெயில் இடப்பக்கம் இருப்பதால் கடல் கண்ணைக் கூசும், திட்டுகள் தெரியாது. மேகம் குறைந்த பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்.

அதே விமானத்தில் வலது பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: நம் ஊரே அந்தப் பக்கம்தான் வருகிறது. கிளம்பிப் பத்து நிமிடம் போல ஆகும்போது கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை வரிசையாக வரும். தனி வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. செம்மண்ணில் பிறை போல வளைந்த கண்மாய்க் கரைகளையும், செட்டிநாடு பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தையும் தேடுங்கள். மழை முடிந்த தை மாதம் கண்மாய்கள் நிரம்பிக் கிடக்கும்போது இதற்காகவே ‘எஃப்’ எடுக்கலாம். திரும்பி வரும்போது பக்கங்கள் மாறிவிடும்.

இறங்கும்போது பார்க்க வேண்டியதைக் காற்று தீர்மானிக்கிறது, ஏனென்றால் விமானம் எதிர்க்காற்றில் இறங்கும். திருச்சி, மதுரை இரண்டிலும் ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஊர் அதற்கு வடக்கே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று அடிப்பதால் பெரும்பாலும் மேற்கு நோக்கி இறங்கும், ஊர் வலப்பக்கம் வரும். அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடைக்காற்று. கிழக்கு நோக்கி இறங்கும், ஊர் இடப்பக்கம். திருச்சியில் மலைக்கோட்டையும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கமும் தெரியும். மதுரையில் திருப்பரங்குன்றம் வெகு அருகில் வரும். காற்று மந்தமான நாளில் இந்தக் கணக்கு மாறலாம்.

சென்னையிலும் அதே காற்றுக் கணக்குதான். கடல் பக்கமிருந்து இறங்கினால் மெரினா வலப்பக்கம். மேற்கிலிருந்து இறங்கினால் செம்பரம்பாக்கம் ஏரி இடப்பக்கம். சிங்கப்பூருக்கு வழியில் பெரும்பாலும் கடல், இறங்கும் நேரம் மட்டுமே கணக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை இடது பக்கம் நகரம், ஜூன் முதல் செப்டம்பர் வரை வலது பக்கம்.

பக்கத்தைச் சரியாக எடுத்துவிட்டு வரிசையில் கோட்டை விடுபவர்கள் அதிகம். ஏ320 விமானத்தில் சுமார் 9 முதல் 20 வரை இறக்கைதான் தெரியும். அதற்குப் பின்னால் எஞ்சினின் சூடான காற்றில் காட்சி கலங்கும். ஆகவே 7-க்கு முன்னால் உட்காருங்கள். போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம், ஜன்னலே இல்லாத இருக்கை ஒன்று உண்டு. உள்ளே ஏசிக் குழாய் போகிறது. பணம் கட்டுமுன் இருக்கைப் படத்தைப் பாருங்கள். சின்ன ஏடிஆர் விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பார்வை திறந்திருக்கும், ஆனால் முன்வரிசைகளில் விசிறி மறைக்கும். அதில் மட்டும் பின்னால் உட்காருங்கள்.

காசி போய் அப்படியே நேபாளமும் போகும் நகரத்தார் குழுக்களுக்கு ஒன்று: டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும்போது இமயம் இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். குழுவாகப் பதிவு செய்தால் இருக்கைகளை அவர்களே ஒதுக்கிவிடுவார்கள், ஆகவே பயண ஏற்பாட்டாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.