படத்தில் சிவப்பு, கையில் பச்சை: குரோட்டன்ஸ் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: ஆன்லைனில் ‘பெட்ரா’ குரோட்டன்ஸ் ஆர்டர் செய்தேன். படத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக இருந்தது. வந்த செடியோ முக்கால்வாசி பச்சை, நரம்பில் மட்டும் மஞ்சள். கீழ் இலைகள் வேறு உதிர்கின்றன. ரகத்தை மாற்றி அனுப்பிவிட்டார்களா? திருப்பி அனுப்பலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், இலையின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே செடியிலேயே வெயில் படும் கிளை சிவந்தும் நிழல் பக்கம் பச்சையாகவும் இருக்கும். துளிர் பச்சையும் மஞ்சளுமாக வந்து, முதிர முதிரத்தான் சிவப்பு ஏறும். வடிவம் அவ்வளவு எளிதில் மாறாது.

பெட்ராவுக்கு அகலமான, தடித்த, பளபளப்பான இலை. நரம்புகள் மஞ்சள் கோடாகத் தெளிவாக ஓடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வந்தது பெட்ராவாகவே இருக்கலாம். நார்மா என்ற ரகமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இளஞ்செடியில் இரண்டையும் பிரித்துச் சொல்வது சிரமம், அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் இலை நீண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் அது மம்மி. புல் போல ஒல்லியாக வளைந்து தொங்கினால் ஜான்சிபார். சின்னப் பச்சை இலையில் மஞ்சள் புள்ளி தெளித்திருந்தால் கோல்ட் டஸ்ட். மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் ஓக் லீஃப். இவற்றில் ஒன்றை பெட்ரா என்று அனுப்பியிருந்தால் அது தவறான பொருள்தான்.

அப்படியானால் செடியையும் லேபிளையும் விளம்பரப் படத்தையும் உடனே போட்டோ எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

இலை உதிர்வது பெரும்பாலும் இடம் மாறிய அதிர்ச்சிதான். பெட்டிக்குள் இருட்டில் வந்த செடி அது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் பிழைத்துக்கொள்ளும். உடனே தொட்டி மாற்றாதீர்கள், உரமும் போடாதீர்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள். நேரடியாக மொட்டைமாடி உச்சிவெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். நிறம், இனி வரும் இலைகள் முதிரும்போதுதான் தெரியும். அதுவரை பொறுத்திருங்கள்.

கேள்வி: நீல நிற குரோட்டன்ஸ் விதை மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் உண்டு. நீல இலை குரோட்டன்ஸில் கிடையாது. விதை விளம்பரத்தில் வரும் படம் கணினியில் நிறம் மாற்றியது. விதையில் முளைப்பது தாய்ச்செடி மாதிரி இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அதனால்தான் நர்சரிகளில் தண்டுக் குச்சி நட்டோ, விண்பதியம் (செடியில் இருக்கும்போதே கிளையில் வேர்விட வைப்பது) போட்டோ பெருக்குகிறார்கள். பிடித்த ரகம் பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு குச்சி கேட்டு வாங்குங்கள், காசே வேண்டாம்.

கேள்வி: நர்சரியில் நேரில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். இலைக்காம்பு சேரும் இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. அந்தச் செடியை விட்டுவிடுங்கள், வீட்டிலுள்ள மற்ற செடிகளுக்கும் பரவும். உயரத்தைவிட, அடிவரை இலை இருக்கிறதா என்பதே முக்கியம். வெட்டினால் வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், துணியில் பட்டால் கறை போகாது. இலையைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது. தவழும் குழந்தையோ பூனை, நாயோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.